பல் துலக்காத நாளுக்குப் பன்னிரண்டு வாய் தண்ணீர்

இந்த வாரம் நாம பேசப் போறது ரெண்டு விதமான நாட்களைப் பத்தி. ஒண்ணு பண்டிகை நாள், இன்னொண்ணு டென்ஷன் நாள். ரெண்டுமே நம்ம தினசரிப் பழக்கத்தை உடைக்கிற நாட்கள். அப்படி உடையும்போது முதல்ல அடி வாங்குற இடங்கள்ல ஒண்ணு நம்ம வாய். கேட்க ஹெல்த் டிப்ஸ் எபிசோட் மாதிரி இருக்கும். ஆனா இதுக்குப் பின்னால நீளமான ஒரு சரித்திரம் இருக்கு. அதைக் காஞ்சிபுரம் பக்கத்துல இருந்தே ஆரம்பிக்கலாம்.

காஞ்சிபுரத்துல இருந்து பெங்களூர் ரோட்டுல மேற்கே போனா பாலுசெட்டி சத்திரம் வரும். அதை ஒட்டி இருக்கிற ஊர் திருப்புட்குழி. திருமங்கையாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்கள்ல ஒண்ணு. 'புள்' என்றால் பறவை. சீதையைக் காப்பாத்தப் போய் ராவணன்கிட்ட வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவுக்கு, ஒரு மகன் ஸ்தானத்துல நின்னு ராமன் ஈமக்கடன் செஞ்ச இடம் இதுதான்னு தலபுராணம் சொல்லுது. பெருமாள் பேர் விஜயராகவப் பெருமாள், தாயார் மரகதவல்லி. கோயில் குளத்துக்குப் பேரே ஜடாயு தீர்த்தம்.

அதாவது, திருவிழா நடக்கிற ஒரு கோயிலோட கதைக்கு நடுவுல ஒரு துக்கச் சடங்கு இருக்கு. கொண்டாட்டமும் துக்கமும் ஒரே இடத்துல. நம்ம ஊர்ல இந்த ரெண்டு விதமான நாளுக்கும் வாய் சம்பந்தமா ஒரு பழைய விதி இருந்தது. இன்னைக்கு எபிசோட் அந்த விதியைப் பத்தித்தான்.

குச்சி எடுக்கக் கூடாத நாள்

முதல்ல சாதாரண நாளைப் பாத்துடலாம். 'ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி' என்ற பழமொழி உங்க எல்லாருக்கும் தெரியும். ஆல் என்பது ஆலமரம், வேல் என்பது கருவேலம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள்ல ஒண்ணான ஆசாரக்கோவையும், காலையில எழுந்ததும் குச்சியால பல்லைச் சுத்தம் பண்ணணும்னு சொல்லுது. ஆயுர்வேத நூல்கள் குச்சி பன்னிரண்டு விரற்கடை நீளம், சுண்டு விரல் தடிமன் இருக்கணும்னு அளவே குடுத்திருக்கு.

7ஆம் நூற்றாண்டுல இ-சிங் என்ற சீனத் துறவி இந்தியா வந்தார். 671இல் கிளம்பி, நாளந்தாவுல வருஷக்கணக்கா படிச்சிட்டு, 695இல்தான் சீனா திரும்பினார். இங்கே புத்தத் துறவிகள் எப்படி வாழுறாங்கன்னு அவர் எழுதிய குறிப்புகள்ல, பல்குச்சிக்குன்னே தனியா ஒரு பகுதி இருக்கு. காலையில மட்டும் இல்லாம சாப்பிட்ட பிறகும் குச்சி மெல்லணும், வாய் கொப்பளிக்கணும், அதுவரைக்கும் வாய் சுத்தமில்லாத வாய்தான் என்பது விதி. விருந்துல துறவிகளுக்குச் சாப்பாடு போட்டு முடிச்சதும் பல்குச்சியும் சுத்தமான தண்ணியும் குடுப்பாங்கன்னும் எழுதியிருக்கார். இங்கே பல்வலி அபூர்வம், அதுக்குக் காரணம் இந்தக் குச்சிதான் என்பது அவர் கணிப்பு. விருந்துக்குப் பிறகு பல் சுத்தம் என்பது உபசரிப்போட ஒரு பகுதியாவே இருந்திருக்கு, கவனிங்க.

இப்போ விதிவிலக்கு. தர்மசாஸ்திர நூல்கள்ல பல்குச்சி எடுக்கக் கூடாத நாட்கள்னு ஒரு பட்டியல் உண்டு. நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். ஆனா அமாவாசை, சிராத்த நாள், விரத நாள் இதெல்லாம் அதுல வரும். அமாவாசைக்கு ஒரு அழகான காரணமும் சொல்வாங்க. அன்னைக்கு நிலா செடி கொடிகளுக்குள்ள போய்க் குடியிருக்கு, அதனால ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது என்று விஷ்ணு புராணம் சொல்லுது. கிளையை ஒடிக்க முடியாதுன்னா குச்சி ஏது?

மருத்துவ நூல்கள்லயும் விதிவிலக்கு உண்டு. காய்ச்சல், வாந்தி, அஜீரணம், வாய்ப்புண் இருக்கிறவங்க பல்குச்சி உபயோகிக்க வேண்டாம்னு வாக்படர் சொல்றார். உடம்பு கஷ்டத்துல இருக்கும்போது குச்சியைப் போட்டுத் தேய்க்காதே என்பதுதான் அதோட அர்த்தம்.

சரி, அந்த நாட்கள்ல அப்போ என்ன பண்றது? சாஸ்திரம் 'அன்னைக்கு லீவு'ன்னு சொல்லி விட்டுடல. பன்னிரண்டு தடவை வாய் நிறைய தண்ணி எடுத்துக் கொப்பளிக்கச் சொல்லுது. நம்ம துறை பாஷையில சொன்னா இது ஒரு ஃபால்பேக். மெயின் சர்வர் டவுன் ஆனா சிஸ்டம் முழுசா நிக்கக் கூடாது, குறைஞ்ச வசதியோட ஓடிட்டே இருக்கணும். பன்னிரண்டு வாய் தண்ணி கிருமிப் படலத்தைத் தேய்ச்சு எடுக்காது, உண்மைதான். ஆனா 'இன்னைக்கும் வாயைக் கவனிச்சேன்' என்ற சங்கிலி அறுபடாம இருக்கும்.

நாம என்ன பண்ணிட்டோம்னா, விதிவிலக்கை மட்டும் வெச்சுக்கிட்டு ஃபால்பேக்கை விட்டுட்டோம். கல்யாண வீட்ல ராத்திரி ரெண்டு மணிக்குப் படுக்கும்போது, ரிலீஸ் முடிச்சு விடியற்காலையில லேப்டாப்பை மூடும்போது, 'இன்னைக்கு ஒரு நாள் பரவாயில்ல' என்பது நம்ம சாஸ்திரம். அதுக்குப் பதிலா வேற எதுவும் இல்ல.

மூணு வாரம் தேய்க்காம இருந்தா

'ஒரு நாள் பரவாயில்ல' எப்போ பரவாயில்லாம இருக்காது? இதை ஒருத்தர் சோதிச்சே பாத்துட்டார். டென்மார்க்ல ஆர்ஹஸ் நகரத்துல ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளர், 1965இல் வெளியிட்ட ஆய்வு. ஆரோக்கியமான ஈறு இருக்கிற 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். பல் தேய்க்கிறதை நிறுத்தச் சொன்னாங்க. 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள அத்தனை பேருக்கும் ஈறு வீக்கம் வந்துடுச்சு. திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சதும் சுமார் ஒரு வாரத்துல ஈறு பழைய நிலைக்கு வந்துடுச்சு.

இதுல நல்ல செய்தியும் இருக்கு, கெட்ட செய்தியும் இருக்கு. கெட்டது, ஒரு பண்டிகை சீசனோ ஒரு பரீட்சை சீசனோ போதும் ஈறு கெடுறதுக்கு. நல்லது, ஆரம்பத்துலயே பிடிச்சா ஈறு மன்னிச்சிடும்.

பிடிக்காம விட்டா? அந்தக் கேள்விக்கான பதில் நம்ம ஆட்களோட வாயில இருந்துதான் வந்தது. அதே லோவும் அவர் குழுவும் 1970இல் இலங்கை மலையகத்துக்குப் போனாங்க. தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்ச 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதிச்சாங்க. பிரஷ் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ எட்டாத மக்கள். 15 வருஷம் அவங்களைத் திரும்பத் திரும்பப் பாத்து, 1986இல் முடிவை வெளியிட்டாங்க. 8 சதவீதம் பேருக்கு ஈறு நோய் வேகமாப் போய், 45 வயசுக்குள்ள பல் எல்லாம் போயிடுச்சு. 81 சதவீதம் பேருக்கு மெதுவாப் போச்சு, அவங்களும் அந்த வயசுக்குள்ள சராசரியா 7 பல் இழந்தாங்க. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவே இல்ல.

இதுல முக்கியமான விஷயம், அவங்களுக்குச் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. சர்க்கரை பல்லை அரிக்கல. பல்லைப் பிடிச்சிட்டிருந்த ஈறும் எலும்பும்தான் கரைஞ்சு போச்சு.

உலகம் பூரா பல் மருத்துவ மாணவர்கள் இந்த 8, 81, 11 என்ற எண்களைப் படிக்கிறாங்க. கவனிக்காம விட்ட ஈறு என்ன ஆகும் என்பதுக்கு இதுதான் ஆதாரம். அந்த ஆதாரம் கிடைச்சதுக்குக் காரணம், மலையகத்துல ஒரு தலைமுறைக்குப் பல் மருத்துவர் கிடைக்காததுதான். பக்கத்துல ஒப்பிட்டுப் பாக்க நார்வேயில ஆஸ்லோ மாணவர்களையும் படிச்சவங்களையும் எடுத்தாங்க, அவங்களுக்குச் சின்ன வயசுல இருந்தே பல் மருத்துவம் கிடைச்சிருந்தது. 40 வருஷம் கழிச்சு, 2010இல் திரும்பப் போனப்போ அந்த 480 பேர்ல 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிஞ்சது. 'ஈறுல ரத்தம் வருது, பரவாயில்ல'ன்னு நாம சொல்லும்போது, வசதி இருந்தும் நாம தள்ளிப் போடுறோம். அவங்களுக்கு அந்தத் தேர்வே இருக்கல.

எத்தனை லட்டு, எத்தனை தடவை

இப்போ பண்டிகைக்கு வருவோம். தீபாவளின்னா ஸ்வீட். யாரும் அதை நிறுத்தச் சொல்லப் போறதில்ல. ஆனா சர்க்கரை விஷயத்துல சரித்திரம் ரொம்பத் தெளிவா ஒண்ணு சொல்லுது.

1940களில் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு வளைகோடு வரைஞ்சார். இனிப்பு வாய்க்குள்ள போன சில நிமிஷத்துல பல் மேல இருக்கிற படலத்தோட அமிலத்தன்மை ஏறிடும். எச்சில் அதைச் சரிபண்ணி பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்துலதான் எனாமல் கரையுது.

அதே காலத்துல ஸ்வீடன்ல விபெஹோல்ம் என்ற இடத்துல ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அது மனவளர்ச்சி குன்றியவங்களுக்கான காப்பகம். அங்கே இருந்தவங்களுக்கு, சம்மதம் சொல்லக்கூட முடியாதவங்களுக்கு, வேணும்னே ஒட்டுற டாஃபியைக் குடுத்துப் பல் சொத்தையாகுதான்னு பாத்தாங்க. இன்னைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஆய்வு. ஆனா 1954இல் வெளிவந்த அதோட முடிவுதான் இன்னைக்கும் அடிப்படை. சாப்பாட்டோட சேத்து நிறைய சர்க்கரை சாப்பிட்டாலும் சொத்தை கொஞ்சம்தான் கூடுச்சு. சாப்பாட்டுக்கு நடுவுல, அடிக்கடி, பல்லுல ஒட்டுற இனிப்பு சாப்பிட்டவங்களுக்குத்தான் எக்கச்சக்கமா ஏறுச்சு. இதுக்குப் பிறகுதான் ஸ்வீடன்ல 'மிட்டாய் சனிக்கிழமை மட்டும்' என்ற பழக்கம் பரவுச்சு.

நம்ம ஆட்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, பிரச்சினை பேலோட் சைஸ்ல கம்மி, ரிக்வெஸ்ட் எண்ணிக்கையிலதான் அதிகம். தலைவாழை இலை விருந்துல இனிப்பு இலையோட ஓரத்துல ஒரு தடவை விழும். சாப்பாட்டோட சாப்பாடா முடிஞ்சிடும். எழுந்து போய்க் கை கழுவும்போதே வாயும் கொப்பளிப்பாங்க. அந்த அமைப்பு பல்லுக்கு அவ்வளவு மோசம் இல்ல. ஆபீஸ் பேன்ட்ரியில திறந்து வெச்ச ஸ்வீட் பாக்ஸ்தான் மோசம். பத்து மணிக்கு ஒரு மைசூர்பாகு, பதினொன்றரைக்கு ஒரு ஜாங்கிரி, மூணு மணிக்குச் சர்க்கரை போட்ட காபியோட இன்னொண்ணு. எச்சில் சரிபண்ணி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துடுது.

பதுங்குகுழி வாய்

இனி டென்ஷன். முதல் உலகப் போர்ல பதுங்குகுழிகள்ல இருந்த சிப்பாய்களுக்கு ஒரு வியாதி வந்தது. ஈறு திடீர்னு புண்ணாகி, ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கிற ஈறு நுனி அரிச்சுப் போய், ரத்தமும் தாங்க முடியாத நாற்றமுமா இருக்கும். 'பதுங்குகுழி வாய்'னே பேர் வெச்சாங்க. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்துதுன்னு பயந்தாங்க. அப்புறம்தான் அது தொத்து வியாதி இல்லன்னு தெளிவாச்சு. பயம், தூக்கமின்மை, சிகரெட், சரியான சாப்பாடு இல்லாமை, பல் தேய்க்காமை, இது அத்தனையும் ஒரே வாயில சேர்ந்ததுதான் காரணம். போர் முடிஞ்ச பிறகு அதே வியாதி பரீட்சை நேரத்துல கல்லூரி மாணவர்கள்கிட்ட தெரிஞ்சது. அந்தப் பட்டியலைத் திரும்பக் கேளுங்க. ஹாஸ்டலுக்கும் பொருந்தும், டெட்லைனுக்கும் பொருந்தும்.

டென்ஷன்ல எச்சில் குறையும், வாய் காயும். உடம்போட நோய் எதிர்ப்பு தடுமாறும். தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்போம். கொரோனா காலத்துல, 2021 தொடக்கத்துல, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் எடுத்த கணக்கெடுப்புல 70 சதவீதத்துக்கு மேற்பட்ட பல் மருத்துவர்கள், பல் கடிக்கிற நோயாளிகள் கூடியிருக்காங்கன்னு சொன்னாங்க.

சிலருக்குப் பண்டிகையும் டென்ஷனும் ஒரே நேரத்துல வரும். திருப்புட்குழி இருக்கிறது காஞ்சிப் பட்டு வட்டாரம். நமக்குத் தீபாவளியும் முகூர்த்தமும் கொண்டாட்டம்னா, தறியில உட்கார்றவங்களுக்கு அதுக்கு முந்தின வாரங்கள்தான் வேலை நெருக்கடி. நம்ம வீட்டுக் கல்யாணப் புடவைக்குள்ள யாரோ ஒருத்தரோட தூக்கமும் நெய்யப்பட்டிருக்கு. கையும் காலும் ஓயாம ஓடுற எந்த வேலையிலயும், களைப்புக்கு வாயில எதையாவது அடக்கி வெச்சுக்கிற பழக்கம் சுலபமா வந்துடும். அதுதான் அடுத்த விஷயம்.

தாம்பூலம் என்ற கடைசி மரியாதை

இ-சிங் காலத்து விருந்து பல்குச்சியோட முடிஞ்சது. நம்ம விருந்து வெத்தலை பாக்கோட முடியுது. நிச்சயதார்த்தத்தையே நிச்சயதாம்பூலம்னு சொல்ற ஊர் இது. வெத்தலை போட்டா வாய் சுத்தமாகும், மணக்கும், செரிக்கும் என்பது பழைய நம்பிக்கை.

ஆனா 1902லயே சென்னையில பணியாற்றிய நிப்ளாக் என்ற மருத்துவர், கன்னப் புற்றுநோய்க்கும் தாம்பூலம் மெல்லும் பழக்கத்துக்கும் இருக்கிற தொடர்பைப் பத்தி எழுதினார். 1933இல் நெய்யூர்ல வேலை செஞ்ச ஓர் என்ற மருத்துவர், அப்போ திருவிதாங்கூர்ல இருந்த, இப்போ கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்கிற அதே நெய்யூர், தன்கிட்ட வந்த நோயாளிகளை வெச்சு இதையே விரிவா லான்செட் இதழ்ல வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேர்த்த தாம்பூலத்தை 1985லயும், புகையிலையே இல்லாத தாம்பூலத்தையும் வெறும் பாக்கையும் 2004லயும் புற்றுநோய்க் காரணிகளா அறிவிச்சது. அதாவது, 'நான் புகையிலை போட மாட்டேன், பாக்கு மட்டும்தான்' என்பது பாதுகாப்பு இல்ல. தாம்பூலத் தட்டை மரியாதையா வாங்கிக்கோங்க. பாக்கு வாய்க்குள்ள போகணும்னு கட்டாயம் இல்ல.

நம்ம பன்னிரண்டு வாய்

இந்தச் சரித்திரத்துல இருந்து நான் எடுத்துக்கிறது ஒண்ணே ஒண்ணு. நல்ல நாள்ல நாம என்ன பண்றோம் என்பதால பல் போறதில்ல. கெட்ட நாளுக்கு நம்மகிட்ட திட்டம் இல்லாததாலதான் போகுது. அதனால எல்லாமே குலையுற நாளுக்குன்னு சின்னதா ஒரு திட்டம் வெச்சுக்கோங்க.

ராத்திரி படுக்கும் முன்னாடி ஃப்ளூரைடு பேஸ்ட் போட்டு ரெண்டு நிமிஷம். மத்த எது விட்டாலும் இது விடக் கூடாது, ஏன்னா தூங்கும்போது எச்சில் ரொம்பக் குறைஞ்சிடும். ஊருக்குப் போற பையில முதல்ல பிரஷ்ஷைப் போடுங்க. ஸ்வீட்டைச் சாப்பாட்டோட சேத்துச் சாப்பிட்டு முடிச்சிடுங்க, பிறகு தண்ணி குடிச்சு வாய் கொப்பளிங்க. பிரஷ்ஷே கிடைக்காத இடத்துல, அந்தப் பழைய விதிப்படி பன்னிரண்டு வாய் தண்ணி. நேரம் கிடைச்சதும் முறையாத் தேய்ச்சிடணும், அதை மறக்காதீங்க.

ஈறுல ரத்தம் வந்தா அந்த இடத்தைத் தேய்க்காம விடாதீங்க. மென்மையான பிரஷ்ஷால இன்னும் கவனமாத் தேய்ங்க. ரெண்டு வாரத்துல நிக்கலைன்னா பல் மருத்துவர்கிட்ட போங்க. காலையில எழுந்ததும் தாடை வலிச்சா, ராத்திரி பல் கடிக்கிறீங்களோ என்று கேளுங்க. வாயில எந்தப் புண்ணும் வெள்ளைத் திட்டும் ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாம இருந்தா, பண்டிகை முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

வீட்ல தாத்தாவோ பாட்டியோ அமாவாசை அன்னைக்கு வாய் மட்டும் கொப்பளிச்சுட்டு விட்டதைப் பாத்திருந்தீங்கன்னா, அவங்க என்ன காரணம் சொன்னாங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். இன்னைக்கு ராத்திரி எவ்வளவு லேட் ஆனாலும் அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும் குடுத்துட்டுத் தூங்குங்க.